ஆயிரத்தில் ஒன்று

நுவோரோ ஆஸ்பத்திரி, மூன்றாம் தளம்.
ஓர்த்தொபேனே மலையைப் பிப்ரவரி மூட்டம்
தின்றுவிட்ட காலை.
பக்கிசியோ லொத்தே சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார்.
வயிறெங்கும் தடிப்புகள்:
சில காசளவு, சில உள்ளங்கையளவு.
ஊசி போன இடமெல்லாம் சிவந்து, காந்தி, கல்லாகி.

எத்தனை நாளாக என்றேன்.
மூன்று மாதம்.
மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.
அரிப்புக்குப் பயந்து
பத்து யூனிட் போட வேண்டிய வேளையில் ஆறு,
ஆறு போட வேண்டிய இரவில்
விளக்கை அணைத்துவிட்டுத் தூக்கம்.
போன ஞாயிறு, ஓர்கோசொலோ மைதானம், எழுபதாம் நிமிடம்,
விசில் வாயிலிருக்க அப்படியே மடிந்தார்.
வாந்தி. மூச்சில் அழுகிய ஆப்பிள் வாடை.
இரண்டு அணியும் சேர்ந்து தூக்கி வந்ததாம்.
"இருபது வருடத்தில் என் தீர்ப்பு எதற்கும்
அவர்கள் ஒத்துப்போனதில்லை" என்கிறார்.

வாரநாளில் தபால் நிலையம். ஞாயிறுதோறும் நடுவர்.
தாயை இழுத்துத் திட்டினாலும்
முகத்தில் ஒரு நரம்பு அசையாத மனிதர்.
"ஆனால் சிஸ்டர்,
என் தோலே என்னைத் திட்டினால்
எந்த அட்டையைக் காட்டுவேன்?"

டாக்டர் மெரேவு அவர் முன்கையில் எண்கள் எழுதி
ஒவ்வொரு துளியாய் வைத்துக் குத்திப் பார்த்தார்.
மருந்து கெடாதிருக்கச் சேர்க்கும் கிரெசாலா?
துத்தநாகமா? புரோட்டமினா?
குப்பி மூடியின் ரப்பரா?
ஒவ்வொன்றும் நிரபராதி.
கம்பெனி மாற்றினோம், வகை மாற்றினோம்.
ஐந்து இன்சுலினுக்கும் ஐந்து கொப்புளம்.
எது இல்லாமல் அவர் பிழைக்க மாட்டாரோ
அதுதான்.

ஆகவே இன்று ஏழரை மணிக்கு
ஒரு யூனிட்டை ஆயிரமாய் உடைத்து
அதில் ஒன்றை ஏற்றினேன்.
அவ்வளவு நீர்த்த மருந்தைக் கலக்கும்போது
கை நடுங்கியது எனக்குத்தான்.
தலைமாட்டில் அட்ரினலின், எட்டும் தூரத்தில்.
அரை மணி. ஒன்றுமில்லை.
ஆயிரத்தில் இரண்டு. அரை மணி.
ஆயிரத்தில் நான்கு.
நாக்கு தடிக்கிறதா? தொண்டை இறுகுகிறதா?
"பசிக்கிறது."

பழகப் பழகப் பாலும் புளிக்கும்.
இந்த வார்டில் எங்கள் வேலை
புளித்ததைப் பாலாக்குவது.

பதினோரு மணிக்கு, நூறில் ஐந்தில்,
ஒரு தடிப்பு தலைதூக்கியது.
பேனாவால் அதைச் சுற்றி வட்டமிட்டேன்.
அது வட்டத்தைத் தாண்டியது.
வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டம்.
அலர்ஜி மாத்திரை. ஒரு படி பின்வாங்கினோம்.
அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்,
கோலை ரத்து செய்துவிட்டுக்
கூட்டத்தைப் பார்க்காமல் நடப்பவர் போல.
நானும் பேசவில்லை.
வராந்தாவில் யாரோ காபி எந்திரத்தை உதைத்தார்கள்.

மாலை ஆறரைக்கு ஒரு முழு யூனிட்.
மறுநாள் இரண்டு, நான்கு, எட்டு.
மூன்றாம் நாள் இடுப்பில் பம்பைப் பொருத்தி
டாக்டர் சொன்னார்:
"இனி ஒரு நாளும் விடக்கூடாது.
இடைவெளி விட்டால் உடம்பு மறந்துவிடும்.
மறந்ததைப் பகைவனென்று நினைக்கும்.
அப்புறம் மறுபடி ஆயிரத்தில் ஒன்று."
பக்கிசியோ தலையை ஆட்டினார்.
தவறவிட்ட இரவுகளை
அப்போது எண்ணினாரோ என்னவோ,
விரல்கள் போர்வைமேல் அசைந்தன.

ஏப்ரலில் வந்தார்.
சட்டையை அவராகவே தூக்கினார்.
பம்பின் குழாய் நுழையுமிடத்தில்
துவரம்பருப்பளவு சிவப்பு.
அரிக்கிறதா என்றேன்.
"கொஞ்சம்" என்றவர்
மார்புப் பையில் கைவிட்டு
மஞ்சள் அட்டையை எடுத்துத்
தன் வயிற்றுக்கு நேரே பிடித்தார்.
வரிசையில் இருந்த குழந்தை சிரித்தது.
அவர் சிரிக்கவில்லை.
நடுவர்கள் அட்டையை
விளையாட்டாகக் காட்டுவதில்லை.